மஞ்சள் மூலை

ஃப்ளோரன்ஸ் டீச்சர் சாந்தோமிலிருந்து நடந்தே வருவார். தோளில் ஒரு கைப்பை, கையில் தி.நகர் துணிக்கடைப் பை. துணிக்கடைப் பைக்குள் கத்தரிக்கோல், நூல்கண்டு, ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டுகள். மயிலாப்பூரில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்து கேட்டில் நிற்கும் நான் அந்தப் பையை வாங்கிக்கொள்வேன்.

"இன்னா டீச்சர், உள்ள கருங்கல்லா?"

"பத்தாவது சி-யைத் தூக்கிட்டு வரேன் ஜவஹர். கனமாத்தான் இருக்கும்."

சிரிக்காமல்தான் சொல்வார். காலையிலேயே அவருக்குச் சிரிக்கத் தெம்பு இருக்காது. சாந்தோமில் பிறந்து, சாந்தோமிலேயே கட்டிக்கொடுத்து, அங்கேயே இருக்கிறவர். அப்பா வாத்தியார், அக்கா வாத்தியார். வீட்டுக்காரர் ரொனால்ட் துறைமுகத்தில் வேலை பார்த்து, முதுகு போய், சாய்வு நாற்காலியோடு இருந்தார். மகள் பிரிஸில்லாவைப் பெங்களூரில் கொடுத்திருந்தது. டீச்சருக்கு ஐம்பதை ஒட்டின வயசு. வருஷக்கணக்காக நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகத் தெரியும். ஒருநாள் வகுப்பில் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து பாடம் நடத்துங்களேன் என்றேன்.

"உக்காந்தா தூங்கிடுவேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நான் அங்கே பியூன். ஐந்தாவதோடு நின்றவன். மணி அடிப்பது, சர்க்குலர் கொண்டுபோவது, பெஞ்சு ஆடினால் ஆணி அடிப்பது, இதுதான் வேலை. கணக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன சாமான் இருந்தது என்று என்னைக் கேட்டால் சொல்லலாம். கரும்பலகைக்கு ஒரு மரக் காம்பஸ், ஒரு மரக் கோணமானி, ஒரு நீள ஸ்கேல். பிள்ளைகள் கைக்கு ஒன்றும் கிடையாது. சுவரில் மாட்டுகிற சார்ட்டுகள் இருந்தன, ஹெச்.எம். அறை பீரோவில். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு ஏணி போட்டு மாட்டுகிறவனும் நான்தான். அதிகாரியின் ஜீப் கேட்டைத் தாண்டியதும் கழற்றிச் சுருட்டுகிறவனும் நான்தான். நடுவில் அந்த சார்ட்டைப் பார்த்துப் படித்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

அதனால் டீச்சர் தானே செய்துகொண்டார். செய்வதற்கு அட்டை வேண்டும். கடை அட்டை கட்டுப்படியாகாது. டீச்சர் பிடித்தது கல்யாணப் பத்திரிகை.

மயிலாப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. தை பிறந்தால் ஒவ்வொரு வீட்டிலும் பத்திரிகை குவியும். நல்ல கனமான அட்டை, பின்பக்கம் வெள்ளை. கல்யாணம் முடிந்த பிறகும் யாரும் குப்பையில் போடமாட்டார்கள், சாமி படம் போட்டிருக்கிறதே. கிழிக்கவும் மனசு வராது, எரிக்கவும் மனசு வராது. மேசை டிராயரில் கிடக்கும். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். பிள்ளைகள் படிப்புக்கு என்றால் வீட்டில் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். டீச்சர் சாமி படத்தைத் தனியாக வெட்டியெடுத்து ஒரு கவரில் போட்டு வைப்பார். கவர் நிறைந்ததும் நான் கோவிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். அவர் சிலுவை போட்டிருக்கிறவர், ஆனாலும் பிள்ளையார் மேல் ஒருநாளும் கத்தரி வைத்ததில்லை.

பத்திரிகையில் அவருக்கு இன்னொரு சௌகரியம். கொடுக்கும் முன்னால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள் இல்லையா, அந்த மஞ்சள்.

"பாருங்க ஜவஹர், ஒவ்வொரு அட்டையிலயும் நாலு செங்கோணம். நாலுலயும் கலர் அடிச்சே கொடுத்துடறாங்க. எந்தக் கவர்மென்ட் தரும்?"

செங்கோணம் என்றால் நேர் மூலை என்ற மட்டில் எனக்குப் புரிந்தது. அவர் செய்து காட்டினார். டிபன் மூடியை வைத்து ஒரு வட்டம் போட்டார். பத்திரிகையின் மஞ்சள் மூலையை வட்டத்துக் கோட்டின் மேல் ஒரு இடத்தில் வைத்தார். மூலையிலிருந்து இரண்டு பக்கமும் போகிற ஓரங்கள் வட்டத்தை எங்கே தொடுகிறதோ அங்கே இரண்டு புள்ளி. இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. மூலையை வேறு இடத்துக்கு நகர்த்தி மறுபடி ஒரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடம்தான் வட்டத்தின் நட்டநடு.

"டிபன் மூடிக்கு நடுப்புள்ளி யாரு வெச்சா? மஞ்சள் மூலை கண்டுபிடிச்சுக் குடுக்குது" என்றார்.

சி பிரிவுப் பிள்ளைகள் செங்கோணம் என்று சொல்வதையே விட்டுவிட்டார்கள். மஞ்சள் மூலை என்பார்கள். பரீட்சையில் அப்படி எழுதித் தொலைக்காதீர்கள் என்று டீச்சர் கத்துவார்.

தொண்ணூற்றைந்து டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை முடிந்தது. சி பிரிவில் ஒரு டஜன் பிள்ளைகள் கணக்கில் போய்விட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜனவரி கடைசியில் பொதுப் பரீட்சைக்குப் பேர் அனுப்புவார்கள். தேறமாட்டாள் என்று தோன்றுகிற பிள்ளையின் பேர் போகாது. நின்றுகொள், அக்டோபரில் பிரைவேட்டாக எழுதிக்கொள் என்று டி.சி. கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துத் தேர்ச்சி சதவீதம் குறையக்கூடாது, அவ்வளவுதான். டி.சி.யைக் கொண்டுபோய் வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறவன் நான். நின்றுபோன பிள்ளைகளில் மறுபடி புத்தகத்தைத் தொட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

அந்த டஜனில் ஒருத்தி சகினா. அவள் அம்மா ஷகீலா கோவில் குளத்துப் பின்தெருவில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள். ரிசல்ட் வந்த அன்றைக்கே வந்துவிட்டாள்.

"டீச்சர், நான் நேரா சொல்லிடறேன். ஸ்கூல்லேர்ந்து பேரு போச்சுன்னா எழுதட்டும். போவலேன்னா தி.நகர்ல துணிக்கடையில சொல்லி வெச்சுக்கீறேன். பிரைவேட்டு கிரைவேட்டுன்னு ஒரு வருசம் ஊட்ல குந்த வெச்சுக்க என்னால ஆவாது."

சகினா பக்கத்தில் நின்று தாவணி முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நெட்டைப் பெண். மற்ற நாளில் வாய் ஓயாது.

டீச்சர் ஹெச்.எம். அறைக்குப் போனார். தண்ணீர் கொண்டுபோன சாக்கில் நானும் உள்ளே நின்றேன்.

"ஃப்ளோரன்ஸ், உங்களுக்கு ஒரு டஜன் பொண்ணுங்க. எனக்கு மேனேஜ்மென்ட் கேக்கறது ஒரே ஒரு நம்பர்" என்றார் ஹெச்.எம். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்த்தான் இருந்தது. "பொங்கல் கழிச்சு ஒரு டெஸ்ட் வைக்கறேன். முப்பத்தஞ்சு எடுத்தா பேர் போகும். பேப்பரை நீங்க திருத்த வேண்டாம், ஒன்பதாவது டீச்சர் திருத்தட்டும். உங்க கை இளகும்."

"சரி" என்றார் டீச்சர். வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜவஹர், வடிவியலும் வட்டமும் ஒழுங்கா போட்டாலே பாதி மார்க் வந்துடும். ஒவ்வொருத்தி கையிலயும் தனித்தனியா ஒரு செட் வேணும். வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகணும். அட்டை எவ்வளவு இருக்கு?"

பீரோவைத் திறந்து பார்த்தேன். நாலைந்துதான் கிடந்தது. எல்லாம் கையில் பட்டுப் பட்டு மூலை மழுங்கி, மஞ்சள் போய், அழுக்காக இருந்தது.

மார்கழி மாசம். மார்கழியில் எவன் வீட்டில் கல்யாணம்? மண்டபங்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பில் வீடுவீடாகக் கேட்டேன். காதுகுத்துப் பத்திரிகை இரண்டு கிடைத்தது. அதுவும் மெல்லிசுக் காகிதம்.

ஜனவரி முதல் வாரத்தில் ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். ஸ்ரீரங்கன் என்று பேர், பேங்கில் ஆபீசர். அவர் சின்னப் பெண் மதுவந்தி பத்தாவது ஏ. பெற்றோர் சங்கத்தில் பெரிய ஆள். முன்னால் செய்தித்தாள் சுற்றின ஒரு பெட்டி.

"ஃப்ளோரன்ஸ் டீச்சரைப் பாக்கணும். தனியா" என்றார்.

லேப் பக்கத்தில் சாமான் அறை ஒன்று இருக்கிறது, டீச்சர் வெட்டுவதும் ஒட்டுவதும் அங்கேதான். அங்கே கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியை ஸ்டூல் மேல் வைத்தார். பிரித்தால் அத்தனையும் புதுப் பத்திரிகை. ஒற்றை அட்டை, முன்பக்கம் சந்தன நிறம், சாமி படம் கிடையாது, மூலைக்கு மூலை பளிச்சென்று மஞ்சள்.

"பெரியவ ஜானுவோடது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நின்னு போச்சு. அவா வேலையை விடச் சொன்னா. இவ மாட்டேன்னுட்டா. ஆத்துல எல்லாரும் உக்காந்து மஞ்சள்கூடத் தடவியாச்சு. இப்போ அந்த அலமாரியைத் திறந்தாலே என் ஒய்ஃப் அழறா. எரிக்கவும் முடியாது, எறியவும் முடியாது. நீங்கதான் பத்திரிகை கேக்கறேள்னு மது சொன்னா."

டீச்சர் ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தார். ஜானு, அச்யுத் என்று இரண்டு பேரும் தங்க எழுத்தில்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் ஸ்ரீரங்கன். "பேர் யார் கண்ணுலயும் படப்படாது. இங்க மது படிக்கறா."

"படாது சார்" என்றார் டீச்சர். "நான் பாத்துக்கறேன்."

அவர் போனதும் நான் கேட்டேன்: "எப்டி டீச்சர் பாத்துப்பீங்கோ? பேரு நட்ட நடுவுல கீது. வெட்டி எடுத்தா அட்டையே மிஞ்சாது."

யோசித்தார். பிறகு இரண்டு அட்டையை எடுத்து எழுத்துப் பக்கத்தை எழுத்துப் பக்கத்தோடு சேர்த்துப் பிடித்தார். "ஒட்டிடுவோம். பேரெல்லாம் உள்ள போயிடும். வெளிய ரெண்டு பக்கமும் வெள்ளை. மஞ்சள் பின்பக்கமும் தடவியிருக்காங்க, ரெண்டு பக்கமும் தெரியுது. கனமும் கிடைக்கும்."

சாயங்காலம் பள்ளி விட்டதும் மைதாப் பசை காய்ச்சுவேன். டீச்சர் தடவுவார், நான் மேலே புத்தகக் கட்டு வைத்து அழுத்துவேன். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே, அட்டை வெளியே. ஒரு சாயங்காலம் ரொனால்ட் சார் முதுகுப் பட்டையோடு ஆட்டோவில் வந்துவிட்டார், பெண்டாட்டி இன்னும் வீடு திரும்பவில்லையே என்று.

"வீட்லதான் சாப்பாட்டு மேசைல சோறு வைக்க இடமில்ல. எங்க பாத்தாலும் முக்கோணம். இப்ப கடையை இங்கயும் திறந்துட்டியா ஃப்ளோரி?"

"சும்மா நிக்கறதுக்கு இந்த ஓரத்தைப் பிடிங்க."

"நான் நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"உக்காந்து பிடிங்க."

உட்கார்ந்து பிடித்தார். பிடித்துக்கொண்டே, துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுகிற பெட்டிக்குக்கூட இவ்வளவு பசை போடமாட்டார்கள் என்று முணுமுணுத்தார். டீச்சருக்கு விரலெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்தது. அதோடு ஏழாவது பிள்ளைகளின் நோட்டு வேறு திருத்த வேண்டியிருந்தது.

பெட்டியில் பாதிக்கும் குறைவாகத்தான் எடுத்தோம். சி பிரிவில் அந்த டஜன் பேருக்கும் ஆளுக்கு ஒரு செட்டு வந்தது: முழு அட்டை ஒன்று, முக்கோணங்கள் சில. பொங்கலுக்கு முன்னால் மூன்றாம் பீரியட் மணி அடிக்கப் போனபோது ஜன்னலில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் வளையலை வைத்து, மை பாட்டில் மூடியை வைத்து வட்டம் போட்டு மையம் தேடிக்கொண்டிருந்தார்கள். சகினா தன் நோட்டில் ஒரே வட்டத்துக்குக் கோடாகப் போட்டுத் தள்ளியிருந்தாள்.

"டீச்சர், எங்க வெச்சாலும் கோடு அந்தப் புள்ளி வழியாவே போவுது. நான் அதை ஏமாத்தப் பாத்தேன். ஏமாற மாட்டேங்குது."

"எத்தனை தடவை ஏமாத்தப் பாத்தே?"

"நோட்டு கறுப்பாப் போச்சு டீச்சர்."

"அப்ப இனிமே ஏன் ஏமாற மாட்டேங்குதுன்னு யோசி. அதைத்தான் கேள்வியில கேப்பான்."

டீச்சர் சிரித்ததை அந்த வருஷத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் மணி அடிக்க இரண்டு நிமிஷம் தாமதமாகப் போய் ஹெச்.எம்.மிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டெஸ்ட் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி ஸ்ரீரங்கன் வந்தார். இந்தத் தடவை மாமியும் கூட. இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம்.

கல்யாணம் மறுபடி கூடிவிட்டது. பையன் அச்யுத், பம்பாயிலிருந்து தானே ரயிலேறி வந்து, பெண் வேலைக்குப் போகட்டும், அங்கே மாற்றல் வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டானாம். அதே முகூர்த்தம், அதே மண்டபம். தை மாசத்து அவசரத்தில் எந்த பிரஸ்காரனும் மறுபடி அச்சடித்துத் தர முடியாது என்கிறான். அந்தப் பெட்டி வேண்டும்.

டீச்சரை வகுப்பிலிருந்து கூப்பிட்டு வந்தேன். ஹெச்.எம்.மும் வந்தார். சாமான் அறையில் பெட்டியைத் திறந்து கொடுத்தோம்.

"இவ்வளவுதானா?" என்றாள் மாமி. "மீதி?"

மேசை மேல் புத்தகக் கட்டுக்கு அடியில் ஒட்டி வைத்த அட்டை ஒன்று கிடந்தது. மாமி இழுத்து எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே இருக்கிற எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"என் பொண்ணு பேரை உள்ள வெச்சு ஒட்டிட்டேளா?"

"பேர் தெரியக் கூடாதுன்னு சார்தான்..." என்றார் டீச்சர்.

"நான்தான் சொன்னேன்" என்றார் ஸ்ரீரங்கன். "அப்போ இருந்த நிலைமைக்கு..."

"நீங்க சும்மா இருங்கோ!" மாமிக்கு அழுகை வந்துவிட்டது. மேசை மேல் ஒரு முக்கோணம் கிடந்தது, அதையும் எடுத்துப் பார்த்தாள். "வெட்டி வேற இருக்கா. நல்ல காரியம் ஆரம்பிக்கறச்சே மஞ்சள் தடவின பத்திரிகையில கத்தரி! டீச்சர், உங்களை நான் தப்பு சொல்லலை. நாங்கதான் கொடுத்தோம். ஆனா கல்யாணம் முடியற வரைக்கும் இது யார் கையிலயும் இருக்கப்படாது. ஒண்ணு விடாம எடுத்துக் கொடுத்துடுங்கோ. என் பூஜை அலமாரில வெச்சுப் பூட்டிக்கறேன். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் பயந்துதான் போயிருந்தாள். பொய்யில்லை. ஒரு தடவை நின்ற கல்யாணம்.

"மேடம், திங்கக்கிழமை டெஸ்ட்" என்று டீச்சர் ஹெச்.எம். பக்கம் திரும்பினார். "சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான் இருக்கு. இதை வெச்சுத்தான் பிள்ளைங்க வீட்ல போட்டுப் பாக்குதுங்க."

"ஃப்ளோரன்ஸ், அட்டைதானே. கொடுத்துடுங்க" என்றார் ஹெச்.எம்.

டீச்சர் அந்த முக்கோணத்தை மாமி கையிலிருந்து வாங்கி, பெட்டியில் வைத்தார். "ஜவஹர், கூடை கொண்டாங்க" என்றார்.

சி பிரிவில் வரிசை வரிசையாகப் போய் வாங்கினேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள். கொடுத்தவங்க திரும்பக் கேட்கிறாங்க என்றேன். சகினா கடைசியாகக் கொடுத்தாள்.

"அண்ணா, என்னுதுல மஞ்ச நல்லா பளிச்சுனு இருக்கும். இதுகூடவா?"

"போடு கூடையில."

போட்டாள். பிறகு டீச்சரைப் பார்த்து, "அப்ப மூலைக்கு இன்னா பண்றது டீச்சர்?" என்றாள்.

டீச்சர் கரும்பலகைக்குப் போகவில்லை. சகினாவின் நோட்டை எடுத்தார், ஒரு தாளைக் கிழித்தார், அதன் மூலையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இதுக்கு மூலை இல்லையா?"

சகினா வாங்கிப் பார்த்தாள். "மஞ்ச இல்லியே."

"கண்ணால பூசிக்கோ."

வகுப்பு சிரித்தது. சகினா சிரிக்கவில்லை. தாளின் மூலையைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கூடையோடு வெளியே வந்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "ஏன் டீச்சர், எந்தக் காயிதமா இருந்தாலும் மூலை இருக்குதுன்னா, இத்தினி நாளு நாம இன்னாத்துக்குப் பசை காய்ச்சினோம்? உங்க கையைப் பாருங்கோ, தோலு உரிஞ்சு கீது."

"மூலை எல்லாத்துலயும்தான் இருக்கு ஜவஹர். எவ பாக்கறா? நான் பி.எஸ்ஸி. முடிக்கற வரைக்கும் நானே பாக்கலை." படியில் ஒவ்வொரு காலாக இறங்கினார். "மஞ்சள் இருந்ததால பாத்தாளுங்க. இனிமே இல்லாம பாக்கறாளுங்களான்னு திங்கக்கிழமை தெரியும்."

திங்கட்கிழமை ஹாலில் தாள் கொடுக்கிறவன் நான். அரை வட்டத்தில் கோணம் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. பிள்ளைகள் படம் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அங்கொருத்தி இங்கொருத்தியாகக் கேள்வித்தாளைத் தூக்கி, அதன் மூலையை வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சகினாவும் வைத்தாள். வைத்து, நகர்த்தி, தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். மேற்பார்வைக்கு வந்த ஒன்பதாவது டீச்சர், இதென்ன கேள்வித்தாளை இப்படித் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். காற்று வரவில்லை, விசிறிக்கொள்கிறார்கள் என்றேன்.

புதன்கிழமை மார்க் வந்தது. எல்லோரும் தாண்டிவிட்டார்கள், ஒருத்தி தவிர.

சகினா முப்பத்திமூன்று.

டீச்சர் அவள் பேப்பரை ஹெச்.எம். மேசையில் வைத்தே புரட்டினார். வட்டத்துக் கேள்விகள் அத்தனைக்கும் முழு மார்க். படம் அச்சடித்த மாதிரி இருந்தது. அதற்கு முந்தின பக்கங்களில்தான் போயிருந்தது. கூட்டல் தப்பு, குறியீடு தப்பு, பாதியில் விட்ட சமன்பாடு.

"மேடம், ரெண்டு மார்க். அரையாண்டுல பதினொண்ணு வாங்கின பொண்ணு."

"முப்பத்தஞ்சுன்னு நான் சொன்னேன். நீங்க சரின்னீங்க. இவளுக்கு விட்டா ஏ செக்‌ஷன்ல ஒருத்தி, பி-ல ஒருத்தின்னு எல்லாருக்கும் விடணும்." ஹெச்.எம். டீச்சரைப் பார்க்கவில்லை, பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உங்க மத்த பொண்ணுங்க எல்லாரையும் அனுப்பறேன். இதுக்கு மேல கேக்காதீங்க."

டீச்சர் மறுநாளும் போய்க் கேட்டார். அதற்கு அடுத்த நாளும். பேர் போகிற நாள் வந்தது, போயிற்று. சகினாவின் டி.சி.யை நான்தான் கொண்டுபோனேன். ஷகீலா மிஷினை நிறுத்தாமலே, "அங்க வெச்சுட்டுப் போங்கோ அண்ணாத்தே" என்றாள். ஒரு வாரத்தில் அந்தப் பெண் தி.நகர் கடையில் புடவைப் பிரிவில் நின்றாள்.

டீச்சரை அப்படிக் களைத்து நான் பார்த்ததில்லை. துணிக்கடைப் பை இல்லாமல் சும்மா வந்தார் பத்து நாளைக்கு. கேட்டில் எனக்கு வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும், பஸ் ஏறி தி.நகர் போனாராம். ரொனால்ட் சார்தான் பிற்பாடு சொன்னார். கடைக்குள் போய் வாங்குகிற மாதிரி புடவையைப் புரட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்: "உனக்கு வார லீவு என்னைக்கு?"

"செவ்வாய்க்கிழமைன்னாங்க டீச்சர். இந்த வாரம் ஆள் இல்லைன்னு வரச் சொல்லிட்டாங்க."

"அடுத்த செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்கு வா. அக்டோபருக்குப் பணம் கட்ட ஃபாரம் நான் வாங்கி வெக்கறேன். உங்கம்மாகிட்ட சொல்லாதே. நான் சொல்லிக்கறேன்."

ஷகீலாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. சகினா வந்தாள். அக்டோபரில் எழுதித் தேறியும் விட்டாள், கணக்கில் நாற்பத்திரண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வந்தது அதுவல்ல.

ஜானுவின் கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. முடிந்து சில நாள் கழித்து மதுவந்தி கேட்டில் என்னிடம் அந்தப் பெட்டியை நீட்டினாள். மேலே ஒரு பொட்டலம் லட்டு, முறுக்கு.

"டீச்சர்கிட்ட கொடுத்துடுங்கோ அண்ணா. ஒட்டினது, வெட்டினது, மிச்சம் எல்லாம் இருக்கு. பம்பாய்க்குக் கிளம்பறச்சே அக்கா எடுத்து வெச்சா. இனிமே எப்படி வேணா வெட்டிக்கோங்கோன்னு அம்மா சொன்னா."

"பேரு தெரிஞ்சா பரவால்லியாமா?"

"இப்போ தெரியட்டும்னா."

டீச்சர் அன்றைக்கு அரை நாள் லீவு, கால் வலி. செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாந்தோமுக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் ரொனால்ட் சார் முதுகுப் பட்டையோடு பென்சில் சீவிக்கொண்டிருந்தார். எதிரே சகினா, கடை யூனிஃபார்ம் புடவையிலேயே. லீவு நாளிலும் மத்தியானம் வரைக்கும் வரவைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின காலை நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்திருந்தாள்.

"கடையில உக்கார உட மாட்டாங்க அண்ணா" என்றாள் நான் பார்த்ததைப் பார்த்து, ரகசியக் குரலில்.

ஏன் ரகசியம் என்று அப்புறம்தான் தெரிந்தது. டீச்சர் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் சிவப்புப் பேனா, எதிரில் சகினாவின் நோட்டு, பாதி திருத்திய சமன்பாடு. தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவது கணக்குல போயிட்டா" என்றார் ரொனால்ட் சார். "சத்தம் போடாதீங்க. எழுந்தா உங்களையும் என்னையும் வெட்ட உக்கார வெச்சிடுவா."

பெட்டியை மேசை ஓரத்தில் வைத்தேன். சகினா மெல்லத் திறந்தாள். ஒட்டின அட்டைகளைத் தள்ளித் தள்ளித் தேடி, ஒன்றை உருவி எடுத்தாள். மூலையில் மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்தது. தன்னுடையதுதான் என்று சொன்னாள். இருக்கலாம், எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

அதை அவள் உபயோகப்படுத்தவில்லை. நோட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டாள். பிறகு டீச்சரின் விரலிலிருந்து சிவப்புப் பேனாவை மெதுவாக உருவி மூடினாள், மை புடவையில் படாமல் இருக்க. பென்சிலை எடுத்துக்கொண்டு ஆறாவது கணக்கை அவளே போட ஆரம்பித்தாள்.